இன்னும் ஒரே ஒரு தடவை!



சென்ற இதழில் வடாம் பிழிவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதமும் இருந்தது. அதில் வடாமைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "என் மகன் மூன்று வருஷமாக ஒரே பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான். 'போதும், நிறுத்துடா' என்று சொல்ல வாய் வரவில்லை. 'எழுதுடா' என்று சொல்ல மனசு வரவில்லை. நீங்களாவது ஒரு வழி சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார்.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். பெரிய பரீட்சைகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இது பரீட்சை சமாசாரமே இல்லை. ஒன்றை அடையணும் என்று கிளம்பி, பாதி தூரம் வந்து, மேலே போவதா திரும்புவதா என்று நடுவழியில் நிற்கிற சமாசாரம். அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. எனக்குத் தெரிந்த சிலரைப் பற்றி எழுதுகிறேன். அதில் ஏதாவது உங்களுக்கு ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. விடாமுயற்சி என்றாலே நம் வீடுகளில் கஜினி முகமதுவை இழுத்து வந்துவிடுவார்கள். "அவன் 17 தடவை படையெடுத்தானே, நீ மூணு தடவையிலேயே சோர்ந்து போகலாமா?" என்பார்கள். ஏதோ அவன் 16 தடவை தோற்று, 17-ஆவது தடவைதான் ஜெயித்த மாதிரி! சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொரு தடவையும் அவன் ஜெயித்து, வேண்டிய மட்டும் கொள்ளையடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினான். கை நிறையக் கிடைத்ததால்தான் திரும்பத் திரும்ப வந்தான். ஒன்றுமே கிடைக்காமல் வெறுங்கையோடு போயிருந்தால் 17 தடவை வந்திருப்பானா என்ன? இந்த உதாரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

இனி என் நாத்தனார் பெண்ணின் கதைக்கு வருகிறேன். (அவள் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.)

கெட்டிக்காரப் பெண். என்ஜினீயரிங் முடித்த கையோடு ஐ.ஏ.எஸ். என்று உட்கார்ந்தாள். சென்னை அண்ணா நகரில் விடுதி அறை. அந்தப் பேட்டையில் தெருவுக்குத் தெரு ஐ.ஏ.எஸ். பயிற்சி நிலையங்கள்தான் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். படிப்புக்கும் சாப்பாட்டுக்குமாக, ஊரில் வாங்கிப் போட்டிருந்த ஒரு மனை கைமாறியது. "படிச்சு முடிச்சா பத்து மனை வாங்கலாம்" என்றார் அண்ணன், அதாவது நாத்தனார் வீட்டுக்காரர்.

அந்தப் பரீட்சையின் போக்கைச் சொன்னால்தான் அவள் பட்ட பாடு புரியும். முதலில் ப்ரிலிம்ஸ். அதில் தேறினால் மெயின்ஸ், ஒன்பது தாள். அதிலும் தேறினால் டெல்லியில் நேர்முகம். எல்லாம் முடிய ஒரு வருஷம் ஆகிவிடும். மெயின்ஸில் கோட்டை விட்டாலோ, நேர்முகம் வரை போய் விட்டாலோ, மறுபடியும் ப்ரிலிம்ஸிலிருந்துதான் ஆரம்பிக்கணும். பரமபத படத்தில் 98-ல் பாம்பு கடித்து அடிக்கட்டத்துக்கு வருகிற மாதிரி. 2023-ஆம் வருஷத்துப் பரீட்சைக்கு 10 லட்சத்து 16 ஆயிரத்துச் சொச்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். ப்ரிலிம்ஸ் எழுதினவர்கள் 5 லட்சத்து 92 ஆயிரம் பேர். மெயின்ஸுக்குத் தேறியவர்கள் 14,624. நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,855. கடைசியில் தேர்வானவர்கள் 1,016 பேர். எழுதினவர்களில் சுமார் 580 பேருக்கு ஒருத்தர்! மற்ற 579 பேரும் மக்குகளா? இல்லவே இல்லை. இடம் அவ்வளவுதான்.

எங்கள் பெண் முதல் தடவை ப்ரிலிம்ஸில் 30 மார்க் குறைவு. இரண்டாம் தடவை 12 குறைவு. மூன்றாம் தடவை ப்ரிலிம்ஸ் தேறி மெயின்ஸில் போயிற்று. நான்காம் தடவையும் மெயின்ஸ் எழுதி, நேர்முக அழைப்பு சொற்ப மார்க்கில் கை நழுவியது. அதுவரைக்கும் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டேதான் இருந்தாள். அந்தச் சமயத்தில் யாராவது நிறுத்தச் சொல்லியிருந்தால் அது அநியாயம். ஐந்தாவது தடவை ப்ரிலிம்ஸிலேயே 9 மார்க் குறைந்துவிட்டது.

அப்போது அவளுக்கு 28 வயசு. சட்டம் இன்னும் இடம் கொடுத்தது. பொதுப் பிரிவினர் 32 வயது வரை 6 தடவை எழுதலாம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை 9 தடவை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 37 வயது வரை எத்தனை தடவை வேண்டுமானாலும். ப்ரிலிம்ஸில் ஒரு தாள் எழுதினால்கூட ஒரு தடவை என்று கணக்கு. எங்கள் பெண்ணுக்கு 9 தடவை உண்டு. "இன்னும் நாலு சான்ஸ் இருக்கே!" என்றார் அண்ணன். நாலு சான்ஸ் என்பது நாலு வருஷம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சட்டம் 9 தடவை கொடுக்கும் சகோதரிகளே. உடம்பும் மனசும் வீடும் எத்தனை தடவை கொடுக்கும் என்பதைச் சட்டம் சொல்லாது.

அந்தச் சமயத்தில் கும்பகோணத்துக்கு எங்கள் வீட்டில் பத்து நாள் வந்து இருந்தாள். தலைமுடி கொட்டி, கழுத்தெலும்பு தெரிய, பார்க்கவே சங்கடமாக இருந்தது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளித் தள்ளிப் போகிறது என்றாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "அத்தை, இப்ப பாஸ் ஆனாக்கூட எனக்குச் சந்தோஷமா இருக்குமான்னு தெரியலை."

நான் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். "ஆனா நிறுத்தறேன்னு யார்கிட்ட சொல்றது? அப்பா தெரு பூரா கலெக்டரம்மான்னு சொல்லி வெச்சிருக்காரு. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடறாரு."

இப்படிப்பட்ட நேரத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? ஒன்று, "சீச்சீ, அப்படியெல்லாம் பேசாதே, அடுத்த தடவை நிச்சயம்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால், "அப்ப விட்டுத் தள்ளு, கல்யாணத்தைப் பார்ப்போம்" என்று அன்றைக்கே ஜாதகத்தைத் தேட ஆரம்பிக்கிறோம். இரண்டுமே அவசரம். ரிசல்ட் வந்த வாரம் துக்க வீட்டுக்குச் சமானம். துக்க வீட்டில் யாராவது பாகப்பிரிவினை பேசுவார்களா? அந்த வாரத்தில் எடுக்கிற முடிவு, தொடர்வதாக இருந்தாலும் விடுவதாக இருந்தாலும், மனசு எடுக்கிற முடிவு இல்லை. அழுகையோ ரோஷமோ எடுக்கிற முடிவு.

இந்த இடத்தில் உடம்பு விஷயமாக ஒன்றை அழுத்திச் சொல்லியாகணும். தூக்கமில்லை, பசியில்லை, முன்னே பிடித்த எதிலும் நாட்டமில்லை, காரணமில்லாமல் அழுகை என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை இருந்தால், லட்சியத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "செத்துப் போகலாம் போலிருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னால்கூட அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே கவனியுங்கள், தனியாக விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கென்றே மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். எங்கள் பெண்ணையும் முதலில் டாக்டரம்மாவிடம்தான் அழைத்துப் போனேன். ரத்தசோகை இருந்தது. அதற்கு மாத்திரையும், வேளைக்குச் சாப்பாடும், ராத்திரி பத்து மணிக்கு மேல் புத்தகம் கூடாது என்ற உத்தரவும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு.

மற்ற பேச்சு என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்து, "நீ இதை எதுக்காக ஆரம்பிச்சேன்னு எழுது, எனக்காக எழுது" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து இரண்டே வரி எழுதினாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சரியான கழிப்பறை கிடையாது. அவள் பத்தாவது படிக்கும்போது ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி ஒரு வார்த்தை சொல்ல, வேலை மளமளவென்று நடந்தது. 'அந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்கிற இடத்தில் நான் இருக்கணும்.' இதுதான் அவள் எழுதியது.

இப்போது சொல்லுங்கள். அவள் லட்சியம் ஐ.ஏ.எஸ்.ஸா? இல்லை. ஜனங்களுக்கு ஒரு காரியம் நடக்கும்படி செய்வது. ஐ.ஏ.எஸ். அதற்கு ஒரு பாதை, ராஜபாட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் பாதையையே ஊர் என்று நினைத்து ஐந்து வருஷம் நடந்திருந்தாள்.

எங்கள் கும்பகோணத்திலேயே பிறந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லணும். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன். 1925-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் எங்கள் ஊரில் பேர் பெற்ற டாக்டர். மகனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அவர் காலமாகிவிட்டார். பிள்ளையும் டாக்டராகி அப்பாவின் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளணும் என்பதுதான் குடும்பத்தின் எண்ணம். 1943-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அந்த இளைஞர் டாக்டராகும் எண்ணத்தை விட்டுவிட்டு, கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் எத்தனை பேர் மூக்கில் விரலை வைத்திருப்பார்கள்! அதோடு நிற்கவில்லை. 1940-களின் கடைசியில் இதே யூ.பி.எஸ்.சி. பரீட்சை எழுதி ஐ.பி.எஸ்.ஸுக்கும் தேர்வானார். அதே சமயத்தில் நெதர்லாந்தில் மரபியல் ஆராய்ச்சி செய்ய யுனெஸ்கோ உதவித்தொகை கிடைத்தது. போலீஸ் உத்தியோகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்குக் கப்பல் ஏறினார். பிற்பாடு நம் நாட்டில் கோதுமையும் நெல்லும் பெருகினதில் அவர் பங்கு உலகமே அறிந்தது. 2023-ல் காலமானார், அடுத்த வருஷம் பாரத ரத்னா கொடுத்தார்கள்.

அவரைப் போல எல்லோரும் ஆகலாம் என்று சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அவர் இரண்டு தடவை லட்சியத்தை மாற்றியவர். ஆனால் பஞ்சத்தைக் கேள்விப்பட்ட பிறகு, ஜனங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற எண்ணம் மாறவே இல்லை. அந்த எண்ணத்துக்கு எது கிட்டத்தில் கொண்டு போகுமோ அதைப் பிடித்துக்கொண்டார். மற்றதை விட்டார், அது எத்தனை பேர் ஏங்குகிற உத்தியோகமாக இருந்தாலும் சரி. இந்த விவரத்தை எங்கள் பெண்ணிடம் சொன்னபோது, "பாஸ் பண்ணினதையே விட்டாரா அத்தை!" என்று வாயைப் பிளந்தாள்.

அப்புறம் என் வீட்டுக்காரரும் அவளுமாக உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆறாவது தடவை எழுதுவது. ப்ரிலிம்ஸ் தேறாவிட்டால் அதோடு சரி. தேறினால் அந்த ஒரு வருஷம் முழுக்கப் பார்ப்பது. கூடவே தமிழ்நாடு தேர்வாணையத்தின் பரீட்சைகளையும் எழுதுவது. அண்ணா நகர் அறையைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே படிப்பது. செலவுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, அண்ணனையும் படிக்க வைத்து, கையெழுத்தும் வாங்கினோம். "இதென்ன, பத்திரமா பதியறீங்க?" என்று முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு போட்டார்.

ஏன் முன்கூட்டியே எழுதி வைக்கணும் என்று கேட்பீர்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்பது இருக்கிறதே, அது பொல்லாத வார்த்தை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தடவையாகத்தான் வரும். சேர்த்துப் பார்த்தால் பத்து வருஷம் போயிருக்கும். போதாக்குறைக்கு, "இவ்வளவு வருஷம் படிச்சது வீணாப் போயிடுமே" என்று ஒரு கணக்கு. போன வருஷங்கள் போனவைதான். இன்னும் இரண்டு வருஷத்தைக் கொண்டு போய்க் கொட்டினால் அவை திரும்பி வருமா? இனிமேல் போகப் போவதைத்தான் நாம் கணக்குப் பார்க்க முடியும். அந்தக் கணக்கை மனசு நிதானமாக இருக்கும்போது போட்டு வைத்துவிட்டால், ரிசல்ட் அன்றைக்கு யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

அப்படித்தான் நடந்தது. ஆறாவது தடவையும் ப்ரிலிம்ஸ் தேறவில்லை. அன்று ராத்திரி அழுதாள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'இனி என்ன' என்ற கேள்வி வீட்டில் எழவில்லை. சில மாதங்கள் கழித்து குரூப் 4 முடிவு வந்தது. ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. அதில் தேறி, இப்போது ஒரு கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா, புயல் வந்தால் எந்த வீட்டுக் கூரை போயிற்று என்கிற கணக்கு, எல்லாம் அவள் கையில். கணவனை இழந்த ஒரு அம்மாளுக்கு நாளாக இழுத்துக்கொண்டிருந்த உதவித்தொகைக் காகிதத்தை நகர்த்திக் கொடுத்தாளாம். போனில் அதைச் சொன்னபோது அவள் குரலைக் கேட்கணுமே!

அண்ணனுக்கு மட்டும் இன்னும் முழுசாக ஆறவில்லை. "கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியவ, சாவடியில உட்கார்ந்திருக்கா" என்று பெருமூச்சு விடுவார். பெரியவர்களின் லட்சியத்துக்கும் ஒரு துக்க காலம் உண்டு. அதை நாம் அவசரப்படுத்த முடியாது. ஆனால் அந்தத் துக்கத்தை ஆற்றுவதற்காகப் பெண் இன்னும் மூன்று தடவை பரீட்சை எழுத முடியுமா, சொல்லுங்கள்.

பரீட்சையை விட்டு இனி நம் அடுப்படிப் பக்கம் வருவோம்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா 2020-ல், ஊரடங்கில் அவர் வீட்டுக்காரருக்கு வேலை போனபோது, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். வீட்டில் இருந்த இரண்டு லிட்டர் கிரைண்டர்தான் முதல். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். மாவு பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு வருஷத்தில் பெரிய கிரைண்டர் வந்தது. 'பத்துக் கடைகளில் என் மாவுப் பாக்கெட் தொங்கணும்' என்பது அக்காவின் லட்சியம். எட்டுக் கடை வரைக்கும் வந்தும் விட்டது.

காலை மூன்று மணிக்கு எழுவார். தோள்பட்டை வலி, கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. சித்திரை வைகாசி வந்தால் மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். கடைக்காரர்கள் உப்பின பாக்கெட்டைத் திருப்பி அனுப்புவார்கள், அதற்குக் காசும் கிடையாது. "இன்னும் ரெண்டு கடைதான், பிடிச்சிட்டா நின்னுடலாம்" என்பார் அக்கா. அவருடைய 'இன்னும் ஒரே ஒரு தடவை' அது.

காலேஜ் படிக்கிற அவர் மகன் ஒரு காரியம் செய்தான். மூன்று மாதம் தினமும் கணக்கு எழுதினான். யாருக்கு எத்தனை கிலோ, என்ன விலை, எத்தனை திரும்பி வந்தது, யார் பாக்கி. மூன்று மாத முடிவில் பார்த்தால், லாபம் முழுக்க நேராக வீட்டுக்கு வந்து பாத்திரத்தில் வாங்கிப் போகிற நாற்பது குடும்பத்திடமிருந்தும் இரண்டு மெஸ்ஸிலிருந்தும் வந்திருக்கிறது! எட்டுக் கடைகளும் சேர்ந்து கொடுத்தது தோள்பட்டை வலிதான். அக்கா இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் கடைகளை நிறுத்தினார். இப்போது மாவு அளவு பாதி. மிச்ச நேரத்தில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. பொடி புளிக்காதே! கோடை வந்தால் கவலையில்லை. தோள்பட்டைக்கும் கொஞ்சம் ஓய்வு.

இதை நான் ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் இரண்டே வழிதான் உண்டு என்று நினைக்கிறோம், பிடித்தால் குரங்குப் பிடி, இல்லாவிட்டால் அடியோடு விடுவது. அக்கா மாவை விடவில்லை, பத்துக் கடையை விட்டார். எதை விடுவது என்று சொன்னது அவர் மனசு இல்லை. மனசு கடைசி வரை 'இன்னும் ரெண்டு கடை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நோட்டுதான் சொன்னது.

உடம்பு விஷயத்திலும் இப்படித்தான். என் தோழி ஒருத்தி தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீருவேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து, முழங்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பத்தாயிரம் என்ற கணக்கு ஏதோ டாக்டர்கள் கூடி நிர்ணயித்தது என்று நினைக்காதீர்கள். 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று அர்த்தம் தருவது. அந்த விளம்பரம்தான் உலகம் சுற்றியது. 2019-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் வயதான பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் போனால் அதற்குத் தகுந்த கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, முழங்கால் கெஞ்சும்போது இலக்கைப் பாதியாக்குவது தோல்வி இல்லை, புத்திசாலித்தனம். இப்போது அவள் காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டாள்.

சரி, இதெல்லாம் தானே யோசித்துத் தானே முடிவு செய்தவர்களின் கதை. நம் பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம்? ஆண்பிள்ளையிடம் "நீ என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்று கேட்கிற வீட்டில், பெண்ணிடம் "உனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்று தகவல்தான் சொல்கிறார்கள். பரதநாட்டியம் போயிற்று, டைப்ரைட்டிங் ஹையர் போயிற்று, எம்.எஸ்ஸி. போயிற்று. இதற்குப் பெயர் லட்சியத்தை மாற்றிக்கொள்வது இல்லை, பிடுங்கிக்கொள்வது. பிடுங்கப்பட்டது மனசுக்குள் முள்ளாகவே கிடக்கும். அப்படி ஏதாவது கிடந்தால், இருபது வருஷம் ஆனாலும் அதை எடுத்து ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சில சமயம் 'இது இப்போ எனக்கு வேண்டாம்' என்று தோன்றிவிடும், அதுவும் ஒரு விடுதலை. சில சமயம் அப்படித் தோன்றாது.

எனக்குத் துணி தைத்துக் கொடுக்கிற அம்மாள் அப்படித் தோன்றாதவர். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, பதினேழு வயதில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது 43 வயது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார். தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நாலும் தேறியாயிற்று. கணக்கு மட்டும் மூன்று தடவை போய்விட்டது.

"விட்டுடலாமா அக்கா? ஊர்ல சிரிக்கறாங்க. இந்த வயசுல பாஸ் பண்ணி என்ன உத்தியோகமா பார்க்கப் போறேன்?" என்று ஒரு நாள் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டே கேட்டார்.

"மூணு தடவையும் எத்தனை மார்க்கும்மா?"

"மொதல்ல 11. அப்புறம் 19. போன தடவை 28."

தேர்ச்சிக்கு வேண்டியது 35. கேள்வியைக் கேட்டவரே பதிலையும் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. தூக்கம் கெடவில்லை, கடன் வாங்கவில்லை, தையல் நிற்கவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுப்பது எட்டாவது படிக்கிற அவர் மகன்தான், சம்பளம் வாரத்துக்கு ஒரு பரோட்டா பார்சல். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "பையன் பள்ளிக்கூட ஃபாரத்துல அம்மா படிப்புன்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல பத்தாவதுன்னு எழுதணும்" என்றார்.

இந்த ஜூன் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று. வட்டத்தின் தொடுகோடு மட்டும் இன்னும் தகராறு செய்கிறதாம்.